அந்தப் பிள்ளைகளிடம் யார் கேட்டார்கள்?

சென்ற மறைபரப்பு ஞாயிறன்று, தொலைநாடுகளில் சிறு விமானம் ஓட்டி நற்செய்திப் பணிக்குத் துணைபுரியும் குடும்பங்களைப் பற்றி மறையுரையில் சிறிது நேரம் பேசினேன். சாலையே இல்லாத மலையூர்களுக்கு மருந்தையும் பாடநூல்களையும் சுமந்து செல்வதும், அங்கிருந்து நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் அவ்விமானங்களே என்றேன். அவற்றை ஓட்டுவோரில் பலர் மனைவி மக்களோடு பிறந்த நாட்டை விட்டுச் சென்றவர்கள். வீட்டை விற்று, பெட்டிகளைக் கட்டி, உற்றார் உறவினரிடம் விடைபெறும் அவர்களுடைய துணிவை வியந்து பாராட்டினேன். மக்கள் அமைதியாகக் கேட்டார்கள். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற நிறைவு எனக்கும் இருந்தது.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் கோயில் வாசலில் காத்திருந்தார். அவருடைய கணவர் பன்னிரண்டு ஆண்டுகளாக வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து போவார். மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்ப்பவர் இந்த அம்மாதான். அதிகம் பேசாதவர்.

“சாமி, நல்லாச் சொன்னீங்க. அந்தப் பிள்ளைங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?” என்றார்.

எனக்கு உடனே விடை வரவில்லை. “அடுத்த வாரம் பேசுவோம், அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வாரம் முழுவதும் அக்கேள்வி என்னை விடவில்லை. அதைப் பற்றிச் சிந்தித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அப்பணி எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நன்று. பாப்புவா நியூ கினி எனும் நாட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. அங்குள்ள வில்ஹெல்ம் மலையின் உயரம் 4,500 மீட்டருக்கும் அதிகம். தலைநகரான போர்ட் மோர்ஸ்பியிலிருந்து உள்நாட்டு மலைப்பகுதிக்கு இணைப்புச் சாலை இல்லை. நாட்கணக்கில் நடந்து கடக்க வேண்டிய தொலைவைச் சிறு விமானம் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. மலைச்சரிவில் புல்லை வெட்டிச் சமன்செய்த ஒரு துண்டு நிலமே அங்கு விமான நிலையம். மகப்பேற்றில் உயிருக்குப் போராடும் பெண்ணுக்கு அத்துண்டு நிலத்தில் வந்திறங்கும் விமானம் என்னவாகத் தோன்றும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இப்பணியில் பெரும்பங்கு பிற சபைகளைச் சேர்ந்த நம் சகோதரர்களுடையது. இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய சிலர், அழிவுக்குப் பயன்பட்ட திறமையை ஆக்கத்துக்குப் பயன்படுத்த விரும்பி 1945-இல் தொடங்கிய அமைப்பே பின்னர் ‘மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்’ எனப் பெயர் பெற்றது. 1946-இல் அதன் முதல் விமானத்தை மெக்சிகோவுக்கு ஓட்டிச் சென்றவர் பெட்டி கிரீன் எனும் பெண். 1951-இல் நியூ கினியில் பணி தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹாரி ஹார்ட்விக் எனும் விமானி அங்கே விபத்தில் இறந்தார். 2020-ஆம் ஆண்டு மே 12 அன்று, பெருந்தொற்றுக் காலத்தில், இந்தோனேசியாவின் பாப்புவா மாநில மலையூர் ஒன்றுக்குத் தொற்றுப் பரிசோதனைப் பொருள்களைக் கொண்டு சென்ற ஜாய்ஸ் லின் எனும் பெண் விமானி, புறப்பட்ட சில நிமிடங்களில் சென்டானி ஏரியில் விமானம் விழுந்து மாண்டார். இது வேடிக்கைப் பயணமன்று; உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் பணி.

நம் திருச்சபையிலும் வானில் பறந்த மறைப்பணியாளர் உண்டு. முதல் உலகப் போரில் விமானியாக இருந்து, பின்னர் அமல மரி தியாகிகள் சபையில் குருவான ஜெர்மானியர் பவுல் ஷுல்ட்டே என்பார், ஆப்பிரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் பணியாற்றிய தம் நண்பரான குரு 1925-இல் உரிய நேரத்தில் மருத்துவரிடம் சேர்க்க ஊர்தியின்றி இறந்ததை அறிந்து உள்ளம் உடைந்தார். அத்துயரத்தின் விளைவாக 1927-இல் அவர் நிறுவியதே, மறைபரப்பு நாடுகளுக்கு ஊர்திகள் வழங்கும் ‘மிவா’ எனும் அமைப்பு. நியூ கினியின் வேவாக் பகுதியில் 1948 முதல் ஆயராக இருந்த லியோ ஆர்க்ஃபெல்டு, தம் மறைமாவட்ட மக்களைச் சந்திக்கத் தாமே விமானம் ஓட்டிச் சென்றமையால் ‘பறக்கும் ஆயர்’ எனப் புகழ்பெற்றார்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்தக் குருவுக்கும் ஆயருக்கும் மனைவி மக்கள் இல்லை. அவர்கள் பணயம் வைத்தது தம் உயிரை மட்டுமே. குடும்பத்தோடு செல்லும் விமானியோ தமக்குச் சொந்தமல்லாத ஒன்றையும் உடன் கொண்டு செல்கிறார். அவர் வணிக விமானி உரிமம் பெறுகிறார். பலர் விமானத்தைப் பழுதுபார்க்கும் உரிமமும் பெறுகின்றனர். புதிய மொழி கற்கிறார். கோயில் கோயிலாகச் சென்று தம் பணியை விளக்கி, மாதந்தோறும் உதவும் நல்லுள்ளங்களைத் தேடுகிறார். இதற்கு ஆண்டுகள்கூட ஆவதுண்டு. இவையெல்லாம் அவர் விரும்பி ஏற்றவை. அவருடைய ஆறு வயது மகள் எதை ஏற்றாள்? பாட்டியை விட்டு, பள்ளித் தோழியை விட்டு, செல்ல நாயை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி அவளுக்குச் சொல்லப்படுகிறது. தந்தைக்கு அழைத்தல் வந்தது. மகளுக்கு வந்தது ஓர் அறிவிப்பு. அந்தத் தாய் தொட்டுக் காட்டிய இடம் இதுவே.

குருக்களின் மணத்துறவால் இச்சிக்கலிலிருந்து நாம் தப்பிவிட்டோம் என்று கத்தோலிக்கராகிய நாம் எண்ணினால், வரலாறு அதை மறுக்கிறது. பிரான்சு நாட்டின் தூர் நகரைச் சேர்ந்த மரி கியார் இளவயதிலேயே கைம்பெண் ஆனவர். 1631-இல், பதினொரு வயது மகன் குளோதுவைச் சகோதரி குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு உர்சுலா சபைத் துறவற இல்லத்தில் சேர்ந்தார். அச்சிறுவன் பள்ளித் தோழர்களோடு மடத்து வாசலுக்கு வந்து, தன் தாயைத் திருப்பித் தருமாறு கூக்குரலிட்டான். 1639-இல் தாய் மறைப்பணிக்காகக் கனடாவின் கியூபெக்கிற்குக் கப்பலேறினார். மகனை மீண்டும் காணவே இல்லை. கடிதங்கள் மட்டும் கடலைக் கடந்தன. மகன் பின்னாளில் பெனடிக்ட் சபைத் துறவியாகி, தாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 2014-இல் திருத்தந்தை பிரான்சிசு அத்தாயைப் புனிதராக அறிவித்தார். அவருடைய புனிதத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் அந்தச் சிறுவனின் கூக்குரல் மடத்து வாசலில் எழுந்தது என்பதும் உண்மை. புனிதரின் வரலாற்றைப் படிக்கும்போது அப்பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுவது நேர்மையாகாது.

இறையியல் இதற்கு என்ன சொல்கிறது? குருமடத்தில் நாங்கள் படித்த புனித தோமா அக்குவினார், துறவற வாழ்வைப் பற்றிப் பேசுமிடத்தில் இக்கேள்வியைத் தொடுகிறார். மக்களைப் பெற்றவர், அவர்களுடைய வளர்ப்புக்குத் தக்க ஏற்பாடு செய்யாமல் துறவறம் புகுதல் முறையன்று என்பது அவருடைய முடிவு. நேர்ச்சையைப் பற்றி எழுதும்போது இப்தாவை எடுத்துக்காட்டுகிறார். நீதித் தலைவர்கள் நூலில் வரும் அந்த இப்தா, போரில் வென்றால் தன் வீட்டு வாயிலிலிருந்து முதலில் எதிர்கொண்டு வருவதைக் கடவுளுக்குப் பலியாக்குவதாக வாக்களித்தான். ஆடலும் பாடலுமாக எதிர்வந்தவள் அவனுடைய ஒரே மகள். அவன் அவ்வாறு நேர்ந்துகொண்டது அறியாமை, அதை நிறைவேற்றியது கொடுமை என்னும் கருத்தைப் புனித எரோணிமுஸைத் துணைகொண்டு அக்குவினார் எடுத்துரைக்கிறார். மகளின் உயிரைக் கொடுத்துத் தன் சொல்லைக் காத்துக்கொண்ட தந்தை அவன்.

ஆபிரகாமின் வரலாறு இதற்கு எதிராக நிற்பதுபோல் தோன்றும். அவரும் மகனை மலைக்கு அழைத்துச் சென்றார். விறகைச் சுமக்கவும் வைத்தார். ஆயினும் அவ்வரலாறு முடிவது எங்கே என்று பாருங்கள். கடவுள் ஓங்கிய கையைத் தடுத்தார். ஈசாக்கு உயிரோடு இறங்கி வந்தான். மகன் தந்தையின் உடைமை அல்லன், கடவுளுடையவன் என்பதை ஆபிரகாம் கற்றுக்கொண்டார். இப்தா அதைக் கற்கவே இல்லை. பிள்ளைகளைப் பயணத்துக்கு அழைத்துச் செல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு. பலிபீடத்தில் கிடத்தும் உரிமை அவர்களுக்கு இல்லை. மறைப்பணிக்குச் செல்லும் குடும்பம் ஆய்ந்து அறிய வேண்டியது, தம் பிள்ளை வழித்துணையாக வருகிறதா, காணிக்கைத் தட்டில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையே.

இந்த இடத்தில் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைக் கேட்காமல் முடிவெடுப்பவர் மறைப்பணியாளர் மட்டும்தானா? நாம் பிறக்கும் வீட்டையும், பேசும் மொழியையும், படிக்கும் பள்ளியையும் நாம் தேர்ந்துகொள்ளவில்லை. கூடுதல் ஊதியத்துக்காகத் தந்தை கடல் கடந்து செல்லும்போது மாலை போட்டு வழியனுப்புகிறோம். அப்போது பிள்ளைகளைக் கேட்டீர்களா என்று யாரும் வினவுவதில்லை. கடவுளுக்காகச் செல்பவரிடம் மட்டும் அக்கேள்வியை எழுப்பினால், நம்முடைய அக்கறையில் ஏதோ கோணல் இருக்கிறது. என்னிடம் கேட்ட அம்மாவுக்கு இக்குற்றச்சாட்டு பொருந்தாது. கேட்கப்படாத பிள்ளைகளைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேற்றி வருபவர் அவர். அவருக்கு அக்கேள்வியைக் கேட்க உரிமை உண்டு.

ஈக்வடார் நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். நேட் செயின்ட் எனும் அமெரிக்க விமானி 1948-இல் மனைவி மார்ஜுடன் அந்நாட்டுக்குச் சென்று, மழைக்காட்டில் பணியாற்றிய மறைப்பணியாளர்களுக்கு விமானம் ஓட்டினார். அவர் வானில் இருக்கும்போது மார்ஜ் வீட்டில் வானொலிக் கருவியின் முன் அமர்ந்து செய்தி கேட்பார். வெளியாரைக் கொல்பவர்கள் எனப் பெயர் பெற்றிருந்த வாவோரானி மக்களோடு நட்புக்கொள்ள விரும்பி, நேட்டும் நண்பர்கள் நால்வரும் ஆற்று மணல்திட்டு ஒன்றில் இறங்கினர். 1956 ஜனவரி 8 அன்று, குறித்த நேரமாகிய பிற்பகல் நான்கரை மணிக்கு வானொலி பேசவில்லை. ஐவரும் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டிருந்தனர். ஐந்து பெண்கள் கைம்பெண் ஆயினர். தந்தையை இழந்த பிள்ளைகள், தாய் வயிற்றில் இருந்த ஒன்றையும் சேர்த்து, ஒன்பது பேர்.

அந்த ஐவருள் ஒருவரின் மனைவி எலிசபெத் எலியட். தந்தை இறந்தபோது மகள் வாலரிக்குப் பத்து மாதம். 1958-ஆம் ஆண்டு அக்டோபரில் எலிசபெத், நேட்டின் தமக்கை ரேச்சலுடனும், மூன்று வயது நிரம்பிய வாலரியுடனும், தம் கணவரைக் கொன்ற அதே மக்களிடையே வாழச் சென்றார். அம்மக்கள் அவர்களை ஏற்றுக்கொண்டனர், கொலைகளும் குறைந்தன. பின்னாளில் நேட்டின் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்தவர்களுள், அவர்களுடைய தந்தையின் கொலையில் பங்கு கொண்டவர்களும் இருந்தனர்.

இதைக் கேட்கும்போது கண் கலங்குகிறது. எனினும், முடிவு நன்றாக அமைந்துவிட்டதால் தொடக்கமும் சரியாகிவிடும் என்று வாதிடுவது அறவியலில் பிழை. வாலரிக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் எலிசபெத்தை நாம் இரக்கமற்ற தாய் என்றிருப்போமா? அவர் செய்ததை எடைபோட வேண்டுமாயின், விளைவை ஒதுக்கிவைத்து, அவர் எவ்வாறு முடிவெடுத்தார் என்பதையே பார்க்க வேண்டும். கணவர் இறந்த மறுநாளே அவர் ஓடிவிடவில்லை. இரண்டரை ஆண்டுகளுக்குமேல் காத்திருந்தார். காட்டிலிருந்து வெளியே வந்த வாவோரானிப் பெண்கள் இருவரைத் தம் இல்லத்தில் தங்கவைத்து, அவர்களிடமிருந்து அம்மொழியைக் கற்கத் தொடங்கினார். அப்பெண்கள் தம் ஊருக்குத் திரும்பிப் போய், வருமாறு அழைப்புக் கொண்டுவந்த பின்னரே அவர் புறப்பட்டார். இப்தா வாயைத் திறந்தபோது யோசிக்கவில்லை. எலிசபெத் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தார். அக்குவினார் முன்மதி என்று போற்றும் நற்பண்பு இதுவே. துணிவுக்கு அது தடையாவதில்லை. துணிவு எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை அதுவே காட்டுகிறது.

எனினும், அந்தப் பிள்ளைகளிடம் யார் கேட்டார்கள் என்பது இன்னும் எஞ்சி நிற்கிறது. ஆறு வயதுப் பிள்ளையிடம், “நாம் நியூ கினிக்குப் போகலாமா?” என்று கேட்டால் துள்ளிக் குதித்துச் சம்மதிக்கும். விமானம் என்றாலே அதற்கு மகிழ்ச்சிதான். அச்சம்மதத்தைப் பெற்றுவிட்டோம் என்று ஆறுதல் கொள்வது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். ஆதலால் பிள்ளையைக் கேட்பது என்பதற்கு வேறு பொருள் வேண்டும். அப்பொருளை எனக்குக் கற்றுத் தந்தது அந்த விமானிகளின் தொழிலே.

மலைநாட்டில் பறக்கக் கற்பவருக்குச் சொல்லித்தரும் முதற்பாடங்களுள் ஒன்று, திரும்புவதற்கு இடமில்லாத பள்ளத்தாக்கினுள் நுழையலாகாது என்பது. பள்ளத்தாக்கின் நடுவே பறக்காமல் ஒரு பக்கத்தை ஒட்டியே அவர் பறப்பார். மேகம் வழியை மறைத்தால் வளைந்து திரும்ப மறுபக்கம் முழுவதும் இடமிருக்க வேண்டும் என்பதற்காக. மலையோரத்து ஓடுதளங்கள் பல ஒருவழித் தளங்கள். சரிவின் மேல்நோக்கி இறங்குவார்கள்; கீழ்நோக்கிப் புறப்படுவார்கள். தளத்தின் மறுமுனையில் மலை எழுந்து நிற்கும். இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டிவிட்டால் மீண்டும் மேலெழ முடியாது. எனவே அவ்விடத்துக்கு முன்னரே காற்று, வேகம், தளத்தின் நிலை ஆகிய அனைத்தையும் பார்த்து விமானி முடிவெடுக்க வேண்டும். சிறிது ஐயம் எழுந்தாலும் விலகிவிட வேண்டும். கீழே நோயாளி காத்திருக்கிறார் என்பதால் மேகம் விலகிவிடாது. நோயின் அவசரத்தை வானிலைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது அத்தொழிலின் அறம். திரும்பி வந்த விமானியை யாரும் கோழை என்று சொல்வதில்லை. திரும்பத் தெரிந்தவரே நம்பத் தகுந்தவர்.

குடும்பத்தின் பயணத்துக்கும் இதுவே விதி என்று எண்ணுகிறேன். பிள்ளையைக் கேட்பது என்பது, புறப்படும் நாளில் ஒருமுறை சம்மதம் வாங்குவதோடு முடிவதில்லை. பிள்ளை அழலாம் என்று விடுவது, “இயேசுவுக்காகப் போகிறோம், அழக்கூடாது” என்று வாயடைக்காமல் இருப்பது, இரவில் மீண்டும் மீண்டும் எழும் காய்ச்சலையும், நாளுக்கு நாள் குறையும் பேச்சையும் வானிலை அறிகுறிகளைப் போல் கூர்ந்து நோக்குவது, ஆண்டுதோறும் கணவனும் மனைவியும் அமர்ந்து, “நம் மகளுக்கு இது வாழ்வாக இருக்கிறதா, சுமையாக இருக்கிறதா?” என்று மறைக்காமல் பேசிக்கொள்வது, இவையெல்லாம் கேட்பதே. கேட்ட பின் திரும்ப வேண்டியிருந்தால் திரும்பும் மனமும் வேண்டும். விமானிக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு; அதைத் தாண்டினால் இறங்கியே ஆக வேண்டும். குடும்பத்துக்கு அத்தகைய எல்லைக்கோடு வரையப்படலாகாது.

அதை வரைபவர்கள் பெரும்பாலும் வழியனுப்புகிறவர்கள் என்பதே எனக்கு வருத்தம் தருகிறது. மாதந்தோறும் காணிக்கை அனுப்பும் சபையார், சென்றவர் ஈராண்டில் குழந்தையின் நலம் கருதித் திரும்பினால் என்ன சொல்வார்கள்? “தாக்குப்பிடிக்க முடியாமல் வந்துவிட்டார்” என்று சொல்லாமல் இருப்பார்களா? அச்சொல்லுக்கு அஞ்சியே, பிள்ளையின் அழுகையைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிடும் பெற்றோர் இருக்கக்கூடும். இதில் நமக்கும் பாடம் உண்டு. நம் பங்குகளில் ஓர் இளைஞன் குருமடத்திலிருந்து திரும்பி வந்தால் அவனை எவ்வாறு நடத்துகிறோம்? திருமணப் பேச்சு வரையில் அது அவனைத் துரத்துகிறது. திரும்புவதற்கு இடமில்லாத பள்ளத்தாக்கை உருவாக்கியவர்கள் நாம்; அதனுள் நுழைந்தவனின் அழைத்தல் உறுதியானதா என்று சோதிப்பவர்களும் நாமே.

எனக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. மூன்று வயதில் எனக்குக் கடுங்காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் கோயிலுக்கே கொடுத்துவிடுவதாக என் அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் இளங்குருமடத்துக்குப் புறப்பட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை; மறுப்பு சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. பேருந்தில் கூட வந்த அப்பா, குருமட வாசலில் தகரப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: “தம்பி, நேர்ச்சை உங்க அம்மாவோடது. நீ அதுக்காக இங்க இருக்க வேண்டியதில்ல. பிடிக்கலைன்னா ஒரு கார்டு போடு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஊர்ல எவனாவது ஏதாவது சொன்னா நான் பாத்துக்கிறேன்.”

மூன்றாம் ஆண்டில் அந்தக் கார்டை ஒருமுறை எழுதவும் செய்தேன். இரண்டு நாள் புத்தகத்தினுள் வைத்திருந்தேன். வீட்டுக்குப் போகலாம், போனால் அப்பா முகம் சுளிக்கமாட்டார் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அது தெரிந்த பிறகுதான், இங்கேயே இருக்க விரும்புகிறேன் என்பதும் தெரிந்தது. கார்டைக் கிழித்துவிட்டேன். என் அழைத்தல் எந்த நாளில் தொடங்கியது என்று யாரேனும் கேட்டால், அம்மா நேர்ந்துகொண்ட நாளை நான் சொல்வதில்லை; அப்பா வாசலில் பேசிய நாளையே சொல்வேன். அவர் திறந்து வைத்த கதவினாலேயே நான் குருவானேன்.

அழைத்தல் பெற்றோரிடமிருந்து வழிவழியாக வரும் சொத்து அன்று. நம்மவர் நன்கறிந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-இல் இராணிப்பேட்டையில் மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்சத்தையும் பிரிவையும் சிறுவயதிலேயே கண்டவர். பெற்றோர் இந்தியா திரும்பியபோது அமெரிக்காவில் உறவினரிடம் விடப்பட்டவர். மறைப்பணியாளராக ஒருபோதும் வரமாட்டேன் என்பதே இளமையில் அவருடைய எண்ணம். தாயின் நோயை முன்னிட்டு 1890-இல் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூவர் தம் மனைவியரின் பேறுகாலத்துக்குப் பெண் மருத்துவரைத் தேடி வந்தனர். ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடா தாமாக முடிவெடுத்தார். மருத்துவம் பயின்று வந்து வேலூர் மருத்துவமனையை உருவாக்கினார். மாட்டேன் என்று சொல்ல அவரால் முடிந்தது. ஆகையால் அவர் பின்னர் சொன்ன சம்மதம் அவருடையதாகவே இருந்தது. பெற்றோர் பிள்ளைகளுக்காகச் சம்மதம் சொல்லிவிட முடியாது. அவர்கள் ஒருநாள் தாமாகச் சொல்வதற்கோ மறுப்பதற்கோ இடம் விட்டு வைக்கலாம்.

நாசரேத்துத் திருக்குடும்பமும் ஓர் இரவில் புலம்பெயர்ந்த குடும்பமே. எகிப்துக்குப் போவோமா என்று குழந்தையை யாரும் கேட்கவில்லை. ஆயினும் சூசையைக் கவனியுங்கள். போகச் சொன்னபோது போனார். திரும்பச் சொன்னபோது திரும்பினார். வழியில் யூதேயாவை அர்க்கெலா ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு அங்கே செல்ல அஞ்சினார். அவருடைய அச்சத்தைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை. கனவில் எச்சரித்து, கலிலேயாவுக்கு வழி காட்டினார். குழந்தைக்காக அஞ்சும் தந்தையின் அச்சமும் இறைவன் பேசும் மொழிகளுள் ஒன்று. பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் அப்பிள்ளை தனக்குத் தந்தையின் இல்லத்தில் வேலை உண்டு என்று சொன்னபோது, சூசையும் மரியாவும் அச்சொல்லை முழுதும் புரிந்துகொள்ளவில்லை. எனினும் அவர்கள் அவனைத் தடுத்ததாக நற்செய்தி சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த அம்மாவைச் சந்தித்து, எழுதியதன் சாரத்தைச் சொன்னேன். கேட்பது ஒருமுறையோடு முடிவதன்று என்பதையும், திரும்பி வரும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதையும் விளக்கினேன். என் அப்பாவின் கதையைக் கேட்டுச் சிரித்தார். சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

“முதல்ல கேக்கலைன்னாலும், இப்பவாவது கேக்கலாம்தானே, சாமி?” என்றார்.

“கேட்கலாம், அம்மா” என்றேன்.

அன்று மாலையே கணவரோடு தொலைபேசியில் பேசப் போவதாகவும், பிள்ளைகள் மூவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பேசப் போவதாகவும் சொல்லிச் சென்றார். அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டுக்குப் புறப்பட ஆயத்தமாகும் விமானிக் குடும்பம் ஒவ்வொன்றுக்காகவும் இப்போது செபிக்கும்போது, அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதோடு, அவர்கள் பிள்ளைகளில் ஒன்று திரும்பி வர விரும்பினால் வாசலில் நின்று வரவேற்க யாரேனும் இருக்க வேண்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.